யார் செலவில் கற்றார்கள்? அசைவூட்டக் கல்வியின் கதை

தமிழ்நாட்டில் திரையில் தோன்றும் எந்த அதிசயத்துக்கும் ஒரே சொல்தான்: கிராபிக்ஸ். பேசும் குரங்கு, இடிந்து விழும் கோபுரம், வானில் பாயும் குதிரை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. உண்மையில் அதற்குள் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. ஒன்று, அசைவூட்டம் என்று நாம் பெயர் சூட்டிக்கொண்டிருக்கும் அனிமேஷன். உயிரற்ற கோட்டுக்கோ பொம்மைக்கோ ஒவ்வொரு சட்டகமாக அசைவைக் கொடுத்து, அது தானாகவே நகர்வதாக நம்ப வைப்பது. மற்றொன்று, காட்சி விளைவு எனப்படும் விஷுவல் எஃபெக்ட்ஸ். நடிகர்களைக் கொண்டு படம்பிடித்த காட்சியில் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும் அதன் வேலை. கணினி வந்த பிறகு இரண்டும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. கல்லூரிப் பாடத்திட்டங்களிலும் இன்று ஒன்றாகவே பெயர் பெறுகின்றன.

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் இத்துறைக் கல்விக்கான விளம்பரங்கள் நாளிதழ்களை நிறைக்கின்றன. எந்த மென்பொருள் கற்பிக்கப்படும், எத்தனை மாதம், எங்கெல்லாம் வேலை என்பவை அவற்றில் இருக்கும். இத்தொழிலில் சிறந்தவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பது இருக்காது. அதைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, கூடவே இன்னொரு கேள்வியும் எழுந்தது. அவர்கள் யார் செலவில் கற்றார்கள்? இரண்டாம் கேள்விக்கான விடையே முதல் கேள்விக்கான விடையைப் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல முயல்வது.

1

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1921ஆம் ஆண்டு நெல்பர்ட் ஷுனார்ட் என்ற பெண்மணி ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். 1929இல் வால்ட் டிஸ்னி அவரிடம் வந்தார். அப்போது டிஸ்னி பெரும் முதலாளி அல்லர். மிக்கி மவுஸ் பேசத் தொடங்கி ஓராண்டுகூட நிறையவில்லை. தன்னிடம் வேலை செய்யும் கேலிச்சித்திரக்காரர்களுக்கு ஓவியம் கற்றுத்தர வேண்டும், ஆனால் கையில் உடனே கொடுக்கப் பணம் இல்லை என்றார். பணம் பிறகு வரட்டும் என்று அந்த அம்மையார் ஒப்புக்கொண்டார். மாலை வகுப்புகளுக்குத் தன் பணியாளர்களை டிஸ்னியே காரில் அழைத்துச் சென்று விட்டுவருவார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

நாளிதழ்களுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து பழகிய கைகள் அவை. ஒரு நிலையை அழகாகக் காட்டத் தெரியும். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு உடல் எப்படிப் போகிறது, எடை எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்கு மாறுகிறது, துணி உடலுக்கு எவ்வளவு பின்னால் வருகிறது என்பவை தெரியா. இக்குறையை முதலில் உணர்ந்தவர்கள் ஓவியர்களே. 1932இல் ஆர்ட் பாபிட் என்ற ஓவியர் தன் வீட்டிலேயே ஒரு மாடலை அமர்த்தி, நண்பர்களை அழைத்து, உயிருள்ள உடலைப் பார்த்து வரையும் கூட்டங்களை நடத்தினார். செய்தி டிஸ்னியின் காதுக்கு எட்டியது. வீட்டில் நடப்பதை அவர் ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார். ஷுனார்ட் பள்ளி ஆசிரியர் டான் கிரஹாம் வரவழைக்கப்பட்டு, 1932 நவம்பர் 15 அன்று முதல் வகுப்பு தொடங்கியது.

முதலில் வாரத்துக்கு இரண்டு மாலைகள் நடந்த அவ்வகுப்பு, சில ஆண்டுகளில் ஒரு முழுப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. நடிகர்களையும் விலங்குகளையும் படம்பிடித்து, அப்படத்தைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி ஆராய்ந்தார்கள். 1935 டிசம்பரில் டிஸ்னி கிரஹாமுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். நல்ல அசைவூட்டக் கலைஞனுக்கு வரையும் திறன், நடிப்பறிவு, நகைச்சுவையுணர்வு, அசைவைப் பகுத்தறியும் ஆற்றல் ஆகியவை வேண்டும் என்று அதில் பட்டியலிட்டு, அதற்கேற்ற பாடங்களை அமைக்கச் சொன்னார். 1937 டிசம்பரில் வெளிவந்த ஸ்நோ ஒயிட், இந்தப் பள்ளியின் விளைச்சல். பாம்பி படத்துக்காக இரண்டு மான்குட்டிகளே ஸ்டூடியோவுக்குக் கொண்டுவரப்பட்டன. ரிகோ லெப்ரூன் என்ற ஓவியர் விலங்குகளின் எலும்பமைப்பைக் கற்பித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பயிற்சிக்குக் கற்றவர்கள் கட்டணம் செலுத்தவில்லை. அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றார்கள். கற்பித்ததன் பயன் ஐந்து, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தன் படங்களில் வந்து சேரும் என்பதை அறிந்த முதலாளி, மெதுவாகப் பயன் தரும் கல்வியையே கொடுத்தார். அன்றைய ஒளிப்படக் கருவியை இயக்குவது எப்படி என்பது அங்கே தலையாய பாடமாக இருக்கவில்லை. பார்ப்பது எப்படி என்பதே பாடம்.

ஏணி ஒன்றும் இருந்தது. முதன்மை ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். அவற்றுக்கு நடுவே வரும் படங்களை நிரப்புபவர் இடைநிலை ஓவியர். புதிதாக வருகிறவர் அங்கேதான் தொடங்குவார். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் கைதேர்ந்த ஒருவரின் கோடுகளுக்கு நடுவே நாள்தோறும் வரையும்போது, அவர் ஏன் அந்த நிலையைத் தேர்ந்தார் என்பது விரலுக்குப் புரிந்துவிடும். சந்தேகம் வந்தால் எழுந்துபோய்க் கேட்கலாம். இன்று இடைநிலை, நாளை துணை ஓவியர், பிறகு முதன்மை ஓவியர் என்று படிகள் கண்ணுக்குத் தெரிந்தன.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 1938இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு டிஸ்னி நிறுவனம் அனுப்பிய பதில் பிற்காலத்தில் பரவலாக வெளியாகியிருக்கிறது. படம் வரையும் ஆக்கப்பணி முழுவதும் ஆண்களுடையது, ஆகவே பயிற்சிப் பள்ளிக்குப் பெண்கள் கருதப்படுவதில்லை என்பது அதன் சாரம். மைதீட்டுவதும் வண்ணம் நிரப்புவதும் மட்டுமே பெண்களுக்கு விடப்பட்டன. ஷுனார்ட் பள்ளியில் பயின்ற ரெட்டா ஸ்காட், பாம்பி படத்தின் வேட்டை நாய்களை வரைந்து, அசைவூட்டக் கலைஞராகத் திரையில் பெயர் பெற்றபோது ஆண்டு 1942. ஒரு பெண் நிறுவிய பள்ளியின் உதவியால் உருவான பயிற்சிக்குள் பெண் நுழையப் பத்தாண்டு ஆயிற்று.

முதலாளி செலவு செய்யும் கல்விக்கு இன்னொரு விலையும் உண்டு. ஊதிய ஏற்றத்தாழ்வும் தொழிற்சங்க உரிமையும் காரணமாக 1941 மே மாத இறுதியில் டிஸ்னி ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்கு முன்னணியில் நின்று, அதன் பொருட்டே வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஆர்ட் பாபிட். தன் வீட்டுக் கூடத்தில் முதல் வகுப்பை நடத்திய அதே மனிதர். அவர் கற்றுத்தருவதை மட்டும் நிறுத்தவில்லை. 1970களில் லண்டனில் ரிச்சர்ட் வில்லியம்ஸின் ஸ்டூடியோவுக்குச் சென்று அங்குள்ளவர்களுக்கு வகுப்பெடுத்தார். வில்லியம்ஸ் தாம் மூத்தவர்களிடம் பெற்ற பாடங்களைத் தொகுத்து 2001இல் வெளியிட்ட கையேடு, இன்று உலகெங்கும் அசைவூட்ட மாணவர்களின் மேசையில் இருக்கிறது.

2

இந்தியாவில் இத்தகைய பயிற்சிக்குச் செலவு செய்த முதலாளி, அரசு. 1948இல் தோற்றுவிக்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன், செய்திப்படங்களோடு நில்லாமல் கருத்துப்படங்களுக்கென ஒரு கார்ட்டூன் பிரிவையும் அமைத்தது. வரையத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அசைக்கத் தெரிந்தவர்கள் இல்லை. 1956இல் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்தார். மதப்பணியாளர்களின் மகனாக இந்தியாவில் பிறந்தவர், பின்னர் டிஸ்னியில் ஸ்நோ ஒயிட், பாம்பி, பீட்டர் பான் ஆகிய படங்களில் பணியாற்றியவர். டான் கிரஹாமின் மாலை வகுப்புகளில் உருவான மரபு, ஒரு மனிதரின் கைவழியே இப்படிக் கடல் கடந்தது.

வீக்ஸ் உருவாக்கிய குழுவின் பயிற்சிப் படைப்பு, ஆலமரத்து மான் என்று பொருள்படும் தி பானியன் டியர். புத்த ஜாதகக் கதையை அஜந்தா ஓவியங்களின் கோட்டு நடையில் சொன்ன படம் அது. அசைவின் இலக்கணம் வெளியிலிருந்து வந்தது. கோடும் கதையும் இந்த மண்ணின் ஓவியச் சுவரிலிருந்து எடுக்கப்பட்டன.

அக்குழுவில் ராம் மோகன் என்ற இளைஞர் இருந்தார். 1931இல் பிறந்தவர், வேதியியல் படித்தவர். ஓவியக் கல்லூரி வாசலை மிதியாமல், அரசுச் சம்பளத்தில் அமர்ந்து, வீக்ஸிடம் தொழில் கற்றார். 1960களின் இறுதியில் அரசுப் பணியை விட்டு வெளியேறிய அவர், மிருணாள் சென்னின் புவன் ஷோம் படத்திலும் சத்யஜித் ராயின் சத்ரஞ்ச் கே கிலாடி படத்திலும் இடம்பெற்ற அசைவூட்டப் பகுதிகளை உருவாக்கினார். ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவுடன் அவர் இணைந்து பணியாற்றிய ராமாயணப் படம் 1990களின் தொடக்கத்தில் உருவாயிற்று. 2025 ஜனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் திரையரங்குகளுக்கும் வந்தது. 2014இல் பத்மஸ்ரீ பெற்ற ராம் மோகன் 2019இல் காலமானார்.

ஃபிலிம்ஸ் டிவிஷனில் பின்னணி ஓவியராகச் சேர்ந்து ராம் மோகனிடம் கற்றவர் பீம்சைன். தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகளுக்கு அவரைப் பெயர் சொல்லித் தெரியாது. வேடன் வலையோடு பறந்துபோகும் பறவைக் கூட்டத்தைக் காட்டி ஒற்றுமையைச் சொன்ன ஏக் அனேக் அவுர் ஏக்தா என்ற 1974ஆம் ஆண்டுச் சிறுபடத்தைச் சொன்னால் உடனே நினைவுக்கு வரும். அதன் அசைவூட்டம் பீம்சைனுடையது. கிரஹாமிடமிருந்து வீக்ஸ், வீக்ஸிடமிருந்து ராம் மோகன், ராம் மோகனிடமிருந்து பீம்சைன் என்று ஆசான் வரிசை ஒன்றை இங்கே எளிதாக எழுதிவிடலாம். நம் சிற்பிகளும் நாட்டியக்காரர்களும் தங்கள் குரு பரம்பரையைச் சொல்வதைப் போன்றதுதான் இதுவும். அரசுப் பயிற்சியின் குறை, அதன் அளவு. ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவு, அதில் சில மேசைகள். அகமதாபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம் பின்னாளில் அசைவூட்டத்தை முறையான பாடமாக்கியபோதும், ஆண்டுதோறும் அங்கே இடம் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

3

அமெரிக்காவில் 1970களில் நிலைமை மாறியது. டிஸ்னியின் மூத்த ஓவியர்கள் ஓய்வு பெறத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வி எழுந்தது. ஷுனார்ட் பள்ளியும் ஓர் இசைப்பள்ளியும் 1961இல் இணைந்து கால்ஆர்ட்ஸ் என்ற கல்வி நிறுவனமாகியிருந்தன. அங்கே 1975இல் பாத்திர அசைவூட்டத்துக்கெனத் தனிப் பாடப்பிரிவு தொடங்கப்பட்டது. ஜான் லாசெட்டர், பிராட் பேர்ட், டிம் பர்ட்டன் ஆகியோர் அதன் தொடக்க கால மாணவர்கள். அவர்கள் அமர்ந்த வகுப்பறையின் எண்ணான ஏ113, பிற்காலத்தில் பிக்சார் படங்களில் கார் எண்ணாகவும் கதவு எண்ணாகவும் வந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் செலவு கைமாறத் தொடங்குகிறது. இப்போது மாணவர் கட்டணம் செலுத்துகிறார். ஆனால் ஒன்று மாறவில்லை: கற்பித்தவர்கள், நாற்பதாண்டுக் காலம் அதே தொழிலில் கிடந்து தேறிய டிஸ்னியின் முதியவர்கள். ஏணியின் மேற்படியில் நின்றவர்களே கீழே இறங்கிவந்து கைகொடுத்தார்கள்.

அதே காலத்தில் யூட்டா பல்கலைக்கழகத்தில் வேறொரு கல்வி நடந்துகொண்டிருந்தது. எட் கேட்முல் என்ற மாணவர் சிறுவயதில் டிஸ்னி ஓவியராக விரும்பியவர். தனக்கு அந்த அளவுக்கு வரைய வராது என்று உணர்ந்து இயற்பியலுக்கும் கணினிக்கும் போனவர். 1972இல் அவர் தன் இடக்கையை அச்செடுத்து, அதைக் கணினியில் ஏற்றி, விரல்களை மடக்கவும் விரிக்கவும் செய்தார். அந்தத் துறைக்குப் பணம் வந்தது அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியிலிருந்து. மெதுவாகப் பயன் தரும் கல்விக்கு அங்கேயும் செலவழித்தது அரசுதான்.

வரையத் தெரிந்த லாசெட்டரும் வரைய வராத கேட்முல்லும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் சந்தித்தார்கள். 1986இல் அது பிக்சார் ஆனது. 1987இல் கணினி வரைகலை அறிஞர்களின் மாநாட்டில் லாசெட்டர் ஒரு கட்டுரை படித்தார். டிஸ்னி ஓவியர்கள் காகிதத்தில் கண்டறிந்த அசைவின் நெறிகளைக் கணினிக்கும் எப்படிப் பொருத்துவது என்பது அதன் பொருள். ஓர் உருண்டை தரையில் மோதும்போது நசுங்கி, எழும்போது நீள வேண்டும். கை நீளும் முன் சற்றே பின்வாங்க வேண்டும். இவை 1930களில் அறியப்பட்டவை. எந்திரம் புதிது, இலக்கணம் பழையது.

இதைவிடத் தெளிவான சான்று 1993இல் வந்த ஜுராசிக் பார்க். அப்படத்தின் டைனோசர்களைப் பொம்மைகளை நகர்த்திப் படம்பிடிப்பதாகத்தான் முதலில் திட்டம். அக்கலையில் தலைசிறந்த ஃபில் டிப்பெட் அதற்கு அமர்த்தப்பட்டிருந்தார். கணினியில் செய்த சோதனைக் காட்சியைப் பார்த்ததும் ஸ்பீல்பெர்க் முடிவை மாற்றினார். டிப்பெட்டின் தொழில் ஒரே நாளில் பழையதாகிவிட்டது. ஆனால் அவர் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. விலங்கு எப்படி நிற்கும், எப்படித் திரும்பும், எப்போது தயங்கும் என்பது கணினி அறிந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. டிப்பெட் அவர்களுக்கு மேற்பார்வையாளரானார். இளைஞர்கள் மௌன நடிப்பு கற்றார்கள். டைனோசர்களைப்போல ஓடிப் பார்த்தார்கள். மூட்டுகளில் உணர்விகள் பொருத்திய ஒரு பொம்மைச் சட்டம் செய்யப்பட்டு, பொம்மைக் கலைஞர்களின் விரல் அசைவு நேரே கணினிக்குள் சென்றது. கருவி போன பிறகும் எஞ்சி நின்றது கண்ணின் பயிற்சி.

4

சென்னைக்கு வருவோம். இங்கே சினிமாத் தொழில்நுட்பக் கல்வி பழையது. 1945இலேயே சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பட்டயப் படிப்புகளாயின. தரமணியிலுள்ள இன்றைய அரசுத் திரைப்படக் கல்லூரியின் வேர் அதுவே. ஆனால் அன்று தந்திரக் காட்சி என்று வழங்கப்பட்ட கலை வகுப்பறைக்குள் வரவில்லை. 1957இல் மாயாபஜாரில் கடோத்கஜன் முன் பண்டங்கள் தாமே நகர்ந்து வாய்க்குள் சென்றதைக் கண்டு நாடே வியந்தது. ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லே பத்திரிகைப் புகைப்படக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஸ்டூடியோக்கள் மாதச் சம்பளம் கொடுத்த காலம் அது. உதவியாளர்கள் வேலையோடு வேலையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

1990களில் கணினி வந்தது. காதலன் (1994), இந்தியன் (1996), ஜீன்ஸ் (1998) ஆகிய தமிழ்ப் படங்கள் சிறப்புத் தோற்றக் காட்சிகளுக்கான தேசிய விருதை அடுத்தடுத்துப் பெற்றன. சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா நிறுவனம், நடிகரின் அசைவைப் பதிவுசெய்து பாத்திரத்துக்கு ஏற்றும் முறையில் 2000ஆம் ஆண்டில் பாண்டவர்கள் பற்றிய முழுநீளப் படத்தை உருவாக்கியது. 2010இல் எந்திரன், 2014இல் கோச்சடையான் என்று வரிசை நீண்டது. விலையுயர்ந்த கணினிகள் முன் முதலில் அமர்ந்தவர்களில் பலர் தாமே கற்றவர்கள், அல்லது பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கற்றவர்கள்.

இதே ஆண்டுகளில் மேலைநாட்டு ஸ்டூடியோக்களின் வேலைகள் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. ஆட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். வகுப்பறைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. பாடம் ஓராண்டு, கட்டணம் லட்சங்களில். கட்டுபவர் மாணவரின் தந்தை, பல வீடுகளில் தாயின் நகை. கால்ஆர்ட்ஸில் கைமாறத் தொடங்கிய செலவு இங்கே முழுமையாகக் கைமாறிவிட்டது. கடன் வாங்கிப் படிப்பவரால் ஐந்தாண்டு காத்திருக்க முடியாது. பாடம் முடிந்த மாதமே சம்பளம் வர வேண்டும். ஆகவே ஓராண்டில் விற்கக்கூடியது எதுவோ அதுவே பாடமாயிற்று: இந்த மென்பொருளில் இந்தப் பொத்தான். அப்பாடத்தை நடத்துபவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்களும் ஓராண்டுக் கணக்கில்தான் வாழ்கிறார்கள்.

வந்த வேலையின் தன்மையும் இதற்கு ஒத்துப்போயிற்று. அதில் பெரும்பகுதி ரோட்டோ எனப்படும் வேலை. நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, அவருடைய உருவ விளிம்பைச் சட்டகம் சட்டகமாகக் கோடிட்டு வருவது. வினாடிக்கு 24 சட்டகங்கள். காற்றில் பறக்கும் தலைமுடியாக இருந்தால் சில வினாடிக் காட்சிக்கே நாட்கள் போய்விடும். பிறகு, தொங்கும் கயிறுகளையும் தேவையற்ற பொருள்களையும் அழித்துத் துப்புரவு செய்யும் வேலை. இவை இழிவான வேலைகள் அல்ல. இவையின்றி எந்தப் பிரம்மாண்டமும் இல்லை. 1930களின் இடைநிலை ஓவியர் செய்ததும் இதுபோன்ற பொறுமை வேலைதான்.

வேறுபாடு ஒன்றுதான். இடைநிலை ஓவியரின் ஆசான் அடுத்த மேசையில் இருந்தார். ரோட்டோ செய்பவரின் காட்சியை முழுமையாக்குபவர் வேறொரு கண்டத்தில் இருக்கிறார். என்னிடம் இளங்கலை தமிழ் பயின்று, பின்னர் இத்துறைக்குச் சென்ற மாணவர் ஒருவர் நான்காண்டு இரவுப்பணி செய்த பிறகு சொன்னது இது: "ஐயா, ஒரு குதிரையோட பின்னங்காலை மூணு வாரம் வெட்டிக்கிட்டிருந்தேன். அந்தக் குதிரை எங்க ஓடுதுன்னு படம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது." ஏணி இருக்கிறது, அதன் நடுப்படிகள் வேறொரு நாட்டில் இருக்கின்றன. ஆற்றலும் முயற்சியும் உடையவர்கள் தாவி ஏறியிருக்கிறார்கள். ஆனால் தாவுவதை ஒரு கல்விமுறை என்று சொல்ல முடியாது.

5

மேல்தளமும் உறுதியானதன்று என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டின. புதுச்சேரியில் தொடங்கும் லைஃப் ஆஃப் பை கதையின் புலியைப் பெரும்பாலான காட்சிகளில் கணினியில் உருவாக்கியது ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம். மும்பை, ஹைதராபாத் ஆகிய நகரங்களிலும் அதற்குக் கூடங்கள் இருந்தன. 2013 பிப்ரவரி 24 அன்று அப்படம் காட்சி விளைவுக்கான ஆஸ்கர் பெற்றது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்நிறுவனம் திவால் மனு அளித்திருந்தது. உள்ளே பரிசு வழங்கப்பட்டபோது வெளியே தெருவில் காட்சி விளைவுக் கலைஞர்கள் கண்டனம் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில், டெக்னிகலர் குழுமம் சரிந்தது. தி ஜங்கிள் புக், 1917 ஆகிய படங்களுக்கு ஆஸ்கர் பெற்ற எம்பிசி அக்குழுமத்தைச் சேர்ந்தது. பெங்களூரிலும் மும்பையிலுமாக ஏறத்தாழ 3000 பேர் வேலை இழந்ததாக நாளிதழ்கள் எழுதின. புதியவர்களைச் சேர்த்துப் பயிற்றும் கல்விக்கூடம் ஒன்றையும் அக்குழுமம் நடத்திவந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பயிற்சிக்கு முன்வரும் முதலாளி வீழ்ந்தால் கற்பவரும் சேர்ந்தே வீழ்கிறார். இதற்கிடையே, உருவ விளிம்பை வெட்டியெடுப்பது போன்ற தொடக்கநிலை வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யத் தொடங்கியுள்ளன. இரண்டாம் படியைத் தேடிக்கொண்டிருந்தவர்களின் காலடியில் முதல் படியே ஆடுகிறது.

ஆகவே, முதலாளி செலவு செய்த காலத்தில் பெண்களுக்குக் கதவு மூடியிருந்தது. அரசு செலவு செய்தபோது கதவு குறுகலாக இருந்தது. மாணவரே செலவு செய்யும் காலத்தில் கதவு விரியத் திறந்திருக்கிறது, உள்ளே படிகள்தான் குறைவு. மூன்றில் எதையும் திரும்பக் கொண்டுவரச் சொல்வதற்கில்லை. ஆனால் மெதுவாக விளையும் கல்விக்கு யாராவது ஒருவர் செலவு செய்தே ஆக வேண்டும் என்பதை இவ்வரலாறு ஐயமின்றிக் காட்டுகிறது. தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் அசைவூட்டமும் காட்சி விளைவும் நான்காண்டுப் பட்டப்படிப்பாக ஆகியிருப்பதை இந்த நோக்கில் வரவேற்க வேண்டும். 2022ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் இத்துறைக்கெனப் பணிக்குழு அறிவிக்கப்பட்டதும், மும்பையில் தனிக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டதும் அவ்வாறே. அவற்றின் வெற்றி, இடங்களின் எண்ணிக்கையையும், அங்கே யார் கற்பிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

இத்துறைக்குப் போக விரும்பும் மாணவர்களும் பெற்றோரும் என்னைப்போன்ற தமிழாசிரியர்களிடம்கூட யோசனை கேட்கிறார்கள். மென்பொருள் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வரலாற்றிலிருந்து எடுத்த சில கேள்விகளை மட்டும் அவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். கற்பிப்பவர் எந்தப் படத்தில் என்ன வேலை செய்தவர்? வாரத்தில் எத்தனை மணிநேரம் கணினியை அணைத்துவிட்டுக் காகிதத்தில் வரைய வேண்டும்? உயிருள்ள உடலையும் விலங்கையும் பார்த்து வரையும் வகுப்பு உண்டா? படிப்பின் முடிவில் கையில் இருக்கப்போவது சான்றிதழ் மட்டுமா, சொந்தமாகச் செய்த இரண்டு நிமிடப் படமா? முன்பு படித்தவர்களில், மூன்றாண்டுக்குப் பின் முதல் வேலையைவிட ஒரு படி மேலே போனவர் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் பதில் கிடைக்காது. பழைய மாணவர்களைத் தேடிப்பிடித்துத்தான் கேட்க வேண்டும்.

பணம் கட்ட வழியில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்வதுண்டு. ஆர்ட் பாபிட் 1932இல் செய்ததற்குப் பெரிய முதலீடு தேவைப்படவில்லை. நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் அசையாமல் அமர, மற்றவர்கள் வரையலாம். பேருந்து நிலையத்தில் மூட்டையோடு ஏறுபவரின் முதுகு எப்படி வளைகிறது, கோயில் வாசலில் பூக்கட்டுபவரின் விரல்கள் எந்த வரிசையில் நகர்கின்றன என்பதை ஒரு நோட்டில் குறித்துவரலாம். அந்த நோட்டு வேலை வாங்கித் தரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கருவி மாறும் நாளில் அதை வைத்திருப்பவர் வெறுங்கையோடு நிற்க மாட்டார். ஃபில் டிப்பெட்டின் கதை அதற்குச் சான்று.